மேகத்துக்குள் மலை

மதுரையிலிருந்து மேற்கே பயணம் செய்பவர்கள், உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்ததும் நிலத்தின் முகம் மாறிவிடுவதைக் கவனித்திருப்பார்கள். அதுவரை அடிவானத்தில் நீலக் கோடாக மட்டும் தெரிந்துகொண்டிருந்த மலைத்தொடர் நெருங்கி வந்து, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று நீளும் பள்ளத்தாக்கின் இருபுறமும் சுவர்போல எழுந்துவிடும். சின்னமனூருக்குத் தெற்கே அந்தச் சுவருக்கு மேகமலை என்று பெயர். தோட்டம் போட வந்த ஆங்கிலேயர் வைத்த ஹைவேவிஸ் என்ற பெயரும் உள்ளூர்ப் பேச்சில் இன்னும் புழங்குகிறது. ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரம். பெயருக்கேற்ப, மழைக்காலத்தில் முகடுகள் கண்ணுக்குத் தெரிவதே அபூர்வம்.

இலக்கிய வாசகர்களுக்குச் சின்னமனூர் வேறொரு காரணத்தால் பரிச்சயமான ஊர். பத்தாம் நூற்றாண்டில் இராசசிம்ம பாண்டியன் காலத்தில் வெளியிடப்பட்ட சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டில், மகாபாரதத்தைத் தமிழாக்கியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் பாண்டியர் குலப் பெருமைகளாகச் சொல்லப்படுகின்றன. சங்கம் இருந்ததா இல்லையா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இந்தச் செப்பேடு சாட்சிக்கு அழைக்கப்படுவதை அறிவோம். ஆயிரம் ஆண்டு கழிந்தும் ஒரு செய்தி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறதென்றால், அதை யாரோ செம்பில் வெட்டிவைத்தார்கள் என்பதே காரணம்.

அதே சின்னமனூரின் பெயர் இன்னொரு வகை ஆவணத்திலும் இடம்பெற்றிருக்கிறது. உலக விமான விபத்துகளின் பட்டியல்களில் 1971 டிசம்பர் 9 என்ற தேதிக்கு எதிரே அந்த ஊர் குறிக்கப்பட்டுள்ளது. மதுரையில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, சின்னமனூர் அருகே மலையில் மோதியது. பகல் வேளைதான், ஆனால் பார்வைத் தெளிவு குறைந்திருந்தது. மதுரை விமான நிலையம் அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. விமானத்தில் 31 பேர். பணியாளர் நால்வரும் பயணிகளில் 17 பேரும் இறந்தார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள். தேனி மாவட்டம் அப்போது பிறக்கவில்லை. ஆகவே அது மதுரை மாவட்டத்துக்குள்ளேயே நடந்த விபத்து.

பாகிஸ்தானுடன் போர் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. டாக்காவை நோக்கிப் படைகள் நகர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெரிய செய்தியின் நிழலில் இந்தச் சாவுகள் ஒதுங்கிப்போயின என்று நினைக்கிறேன். மதுரையைப் பற்றி நம்மவர்கள் எழுதிய எத்தனையோ பக்கங்களில் இந்த விபத்தைப் பற்றிய ஒரு வரியைக்கூட நான் கண்டதில்லை.

இந்த மறதியைத் தொட்டுத்தான், முதல் பார்வைக்குத் தொடர்பில்லாத ஒரு விஷயத்தைப் பற்றி எழுத முனைகிறேன்: செல்வந்தர்களும் நிறுவனங்களும் தமக்கென்று வைத்துக்கொள்ளும் ஜெட் விமானங்களின் கதை.

*

தமிழ் வணிகர்கள் விமானப் பயணத்துக்கு அந்நியரல்லர். செட்டிநாட்டிலிருந்து பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று விரிந்த வணிகம் அவர்களைக் கப்பலிலிருந்து விமானத்துக்கு விரைவாகவே மாற்றியது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய மு.சித.மு. சிதம்பரம் செட்டியார், 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார். அவர் சென்றது பொதுப் பயணிகள் விமானம். அன்று வணிகருக்கு வேறு வழியில்லை. நிறுவனத்தார் குறித்த நேரத்துக்குக் காத்திருந்து, அவர்கள் இறக்கிவிடும் ஊரில் இறங்கியாக வேண்டும்.

இந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான் சொந்த விமானம் என்ற எண்ணம் தோன்றியது. அதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் மாநிலத்திலேயே அதற்கு ஓர் அழகான சான்று உண்டு. நாளிதழை விடியற்காலையில் தொலைதூர ஊர்களுக்குச் சேர்ப்பதற்காக, 1963-ல் 'தி இந்து' சொந்தமாக விமானங்களை வைத்துக்கொண்டது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நாளிதழ் அதுதான். அங்கே விமானம் அந்தஸ்தின் அடையாளமல்ல, தொழிலின் கருவி. 1969-ல் பக்கங்களையே படிமமாகத் தொலைவிலுள்ள அச்சகத்துக்கு அனுப்பும் முறைக்கு அதே நாளிதழ் மாறியது. தாளைச் சுமப்பதைவிடப் பக்கத்தை அனுப்புவது எளிதாயிற்று.

அந்த 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று, அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் லியர்ஜெட் 23 முதன்முறையாகப் பறந்தது. அதை உருவாக்கிய பில் லியர், கார் ரேடியோவிலும் தானியங்கி விமானக் கருவிகளிலும் பணம் சேர்த்தவர். சுவிட்சர்லாந்தில் கைவிடப்பட்ட ஒரு போர் விமானத்தின் இறக்கை வடிவத்தைத் தழுவி, ஐந்தாறு பேர் அமரும் சிறு ஜெட்டை அவர் சமைத்தார். ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்க முடியாத குறுகிய கூடு. ஆனால் நாற்பதாயிரம் அடி வரை ஏறும். பெரிய பயணிகள் ஜெட்டுக்கு இணையாகப் பறக்கும். பிரிட்டனில் டி ஹாவிலண்ட் வடிவமைத்த 125 அதற்கு ஓராண்டு முன்னரே, 1962 ஆகஸ்ட் 13 அன்று பறந்துவிட்டது. பிரான்சில் தசோ நிறுவனத்தின் ஃபால்கன் 20 பறந்ததும் 1963-ல்தான். பிசினஸ் ஜெட் என்ற தனிச் சாதி இப்படி ஓரிரு ஆண்டுகளுக்குள் பிறந்தது.

மேகமலைக்கும் இவற்றுக்கும் ஓர் உறவு இருக்கிறது. டி ஹாவிலண்ட், ஹாக்கர் சிட்லி என்ற பெருங்குழுமத்தில் சேர்ந்திருந்ததால், 125-க்கும் ஹாக்கர் சிட்லி என்ற பெயரே நிலைத்தது. 1971-ல் சின்னமனூர் மலையில் மோதியது அதே குழுமத்தின் ஆவ்ரோ கிளை வடிவமைத்த எச்.எஸ். 748. காற்றாடி வைத்த விமானம். கான்பூரில் நம்மவர்களே உரிமம் பெற்றுக் கட்டியது. ஆவ்ரோ என்றே நம் நாட்டில் வழங்கியது. ஒரு குடும்பத்தின் இரு பிள்ளைகள் என்று சொல்லலாம். ஒன்று சாதாரணப் பயணிகளைச் சுமந்தது. மற்றது முதலாளிகளைச் சுமந்தது.

*

தனி ஜெட்டின் வடிவத்தைச் சற்று விளங்கிக்கொண்டால் அதன் ஆபத்துகளும் விளங்கும். கூடு சிறியதாகையால் இறக்கைக்கு அடியில் எஞ்சினைத் தொங்கவிட இடமில்லை. தொங்கவிட்டால் தரையில் உரசும். ஆகவே எஞ்சின்கள் வாலுக்கு அருகே உடலின் இருபுறமும் ஒட்டப்பட்டன. அவற்றின் வெப்பக்காற்றிலிருந்து விலகவேண்டி வாலின் கிடைச்சிறகு மேலே ஏற்றப்பட்டது. இந்த உயர்ந்த வாலில் ஒரு சிக்கல் உண்டு. விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டால், இறக்கையின் பின்னால் எழும் கலங்கிய காற்றுக்குள் வால் அகப்பட்டுச் செயலிழந்துவிடும். மூக்கைத் தாழ்த்த வழியே இருக்காது. 1963 அக்டோபரில் பிரிட்டனின் பி.ஏ.சி. 1-11 என்ற பயணிகள் விமானம் சோதனைப் பறப்பில் இப்படி விழுந்து, அதிலிருந்த ஏழு பேரும் மாண்ட பிறகுதான் இந்த ஆபத்து முழுமையாகப் புரிந்தது. எல்லை மீறும் முன் விமானியின் கைப்பிடியைத் தானே முன்னே தள்ளும் கருவி, உயர்ந்த வால் கொண்ட ஜெட்டுகள் பலவற்றில் இடம்பெற்றது.

உயரமும் ஓர் ஆபத்து. நாற்பதாயிரம் அடியில் கூட்டின் காற்றழுத்தம் திடீரென்று போய்விட்டால், நினைவு தெளிவாக இருப்பது ஏறத்தாழ கால் நிமிடம்தான். 1999 அக்டோபர் 25 அன்று, கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் சென்ற லியர்ஜெட் 35 அப்படித்தான் அழுத்தம் இழந்தது. நினைவிழந்த விமானிகளுடன் அது ஏறத்தாழ நான்கு மணிநேரம் தானாகவே பறந்து, எரிபொருள் தீர்ந்து தெற்கு டகோட்டாவின் வயலொன்றில் விழுந்தது. ஆறு பேரும் இறந்தார்கள்.

ஆனால் வடிவத்தின் பிழைகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டன. எஞ்சின்கள் நம்பகமாயின. தேர்ந்த விமானிகள் இருவர் ஓட்டும் பெருநிறுவன ஜெட்டுகளின் பாதுகாப்பு வரலாறு இன்று பயணிகள் விமான நிறுவனங்களுக்கு நெருக்கமாக வந்திருக்கிறது. வாடகைக்கு ஓடுபவையும் உரிமையாளரே ஓட்டுபவையும்தான் பின்தங்கி நிற்கின்றன. இயந்திரம் ஒன்றேயாயினும் விளைவு வேறு. இந்த வேறுபாடுதான் நாம் யோசிக்க வேண்டிய இடம்.

*

விமானத்தில் எந்தப் பழுதும் இல்லை, விமானிகள் விழிப்புடன் இருக்கிறார்கள், கட்டுப்பாடு முழுவதும் அவர்கள் கையில் இருக்கிறது. ஆனாலும் மேகத்திலோ இருளிலோ மலையின்மேல் கொண்டுபோய் மோதிவிடுகிறார்கள். இவ்வகை விபத்துக்கு விமானத் துறையில் தனிப் பெயரே உண்டு: கட்டுப்பாட்டிலிருக்கும்போதே தரையில் மோதுதல். சின்னமனூரில் நடந்ததை அந்தத் தலைப்பின் கீழேயே வைக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு கழித்து, 1973 மே 31 அன்று, சென்னையிலிருந்து டில்லி சென்ற போயிங் விமானம், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையில் அனுமதித்த உயரத்துக்கும் கீழே இறங்கிப் பாலம் விமான நிலையத்தருகே விழுந்தது. மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும், கம்யூனிஸ்ட் தலைவர் கே. பாலதண்டாயுதமும் அதில் இறந்த 48 பேரில் அடங்குவர்.

இதற்கு மருந்து தேடியவர் டான் பேட்மன் என்ற பொறியாளர். விமானத்தின் அடியிலிருந்து வானொலி அலையை அனுப்பித் தரை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கணக்கிட்டு, ஆபத்தென்றால் குரலெழுப்பும் கருவியை அவர் 1960-களின் இறுதியில் உருவாக்கினார். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்கு அருகே ஒரு மலையில் டி.டபிள்யூ.ஏ. விமானம் மோதி 92 பேர் இறந்தபின், அமெரிக்க அரசு பெரிய பயணிகள் விமானங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அதன்பின் இவ்வகை விபத்துகள் அங்கே வெகுவாகக் குறைந்தன.

ஆனால் 'பெரிய விமானங்களுக்கு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சட்டம் எப்போதும் எங்கோ ஒரு கோடு போடுகிறது. அமெரிக்காவில் அந்தக் கோடு நெடுங்காலமாக 12,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5,700 கிலோ எடையில் இருந்தது. அதற்கு மேற்பட்டவை கடுமையான விதிகளுக்கு உட்பட்டவை. கீழ்ப்பட்டவை சிறு விமானங்கள், விதிகளும் எளியவை. பில் லியரின் முதல் ஜெட் அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு பவுண்டு கீழே, 12,499 பவுண்டு என்று வடிவமைக்கப்பட்டது. பயணிகள் ஜெட்டின் வேகத்தில், சிறு விமானத்தின் விதிகளில் பறந்த பறவை அது. மெதுவான காற்றாடி விமானங்களில் பழகிய கைகள் பல அதை ஓட்ட வந்தன. தொடக்க ஆண்டுகளில் அதன் விபத்துப் பட்டியல் நீண்டதில் வியப்பில்லை. அடுத்து வந்த லியர்ஜெட் 24 கடுமையான விதிகளின்படியே சான்று பெற்றது என்பதையும் சொல்லவேண்டும்.

மலைகள் இந்தக் கோட்டை அறியா. 1977 ஜனவரியில், பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் தாயார் சென்ற லியர்ஜெட், கலிபோர்னியாவின் சான் கோர்கோனியோ மலையில் மோதியது. 1991 மார்ச் 16 அன்று, பாடகி ரீபா மெக்கென்டைரின் குழுவினர் எண்மரும் விமானிகள் இருவரும் ஒரு ஹாக்கர் சிட்லி 125-ல் சான் டியேகோ அருகிலிருந்து இரவில் கிளம்பிச் சில நிமிடங்களில் ஓட்டே மலையில் மோதி இறந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2004 அக்டோபர் 24 அன்று, அதே விமானத்தளத்திலிருந்து இரவில் கிளம்பிய ஒரு லியர்ஜெட், அதே ஓட்டே மலையில் மோதியது. ஐந்து பேர் இறந்தார்கள். மலை அங்கேயேதான் இருந்தது. முன்னால் நடந்ததும் பதிவாகியிருந்தது. பதிவு விமானியின் அறைக்குள் வந்து சேரவில்லை.

பேட்மன் அதற்கும் வழி கண்டிருந்தார். அவருடைய முதல் கருவி கீழே மட்டும் பார்த்தது. எதிரே செங்குத்தாக எழும் மலையை அது உணரும்போது சில நொடிகளே மிஞ்சும். ஆகவே உலகின் மேடுபள்ளம் முழுவதையும் கருவியின் நினைவில் ஏற்றி, செயற்கைக்கோள் வழியே விமானம் இருக்குமிடத்தை அறிந்து, முன்கூட்டியே எச்சரிக்கும் முறையை 1990-களில் கொண்டுவந்தார். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் விற்பனைக்கு வந்த அதன் இராணுவ நிலவரைபடங்கள் இதற்கு உதவின என்பது வரலாற்றின் வினோதங்களில் ஒன்று. பயணிகளுக்கு ஆறோ அதற்கு மேலோ இருக்கைகள் கொண்ட ஜெட்டுகளிலும் இது இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கா வைத்த கெடு 2005 மார்ச். ஓட்டே மலையின் இரண்டாம் விபத்துக்கும் அந்தக் கெடுவுக்கும் இடையே ஐந்து மாதங்கள்.

*

கருவி மட்டும் போதுமா என்றால், போதாது என்பதே விடை. 2001 மார்ச் 29 அன்று, கொலராடோ மலைகளுக்கு நடுவேயுள்ள ஆஸ்பன் ஊருக்கு ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் வாடகைக்குச் சென்றது. தாமதமாகக் கிளம்பிய விமானம். இருட்டிவிட்டால் அங்கே இறங்க முடியாது. வேறு ஊரில் இறங்க நேரலாம் என்பதில் வாடகைக்கு எடுத்தவருக்கு அதிருப்தி. பனியும் இருளும் சேர்ந்த மாலையில் விமானிகள் முயன்று பார்த்தார்கள். 18 பேரும் இறந்தார்கள். விமானிகள்மீது இருந்த அந்த நெருக்கடியை விசாரணை அறிக்கை வெளிப்படையாகவே குறிப்பிட்டது.

நம் நாட்டிலும் இத்தகைய சாவுகள் உண்டு. 1994 ஜூலை 9 அன்று, பஞ்சாப் ஆளுநர் சுரேந்திரநாத்தும் குடும்பத்தினரும் சென்ற அரசுச் சிறு விமானம் இமாசலப் பிரதேச மலையில் மோதியது. 2001 செப்டம்பர் 30 அன்று, கான்பூர் கூட்டத்துக்குச் சென்ற மாதவராவ் சிந்தியாவின் கிங் ஏர் விமானம், மோசமான வானிலையில் மெயின்புரி அருகே விழுந்தது. எட்டுப் பேரும் இறந்தார்கள். கிங் ஏர் ஜெட்டல்ல, காற்றாடி விமானம். ஆனால் செய்யும் வேலை ஒன்றே. கூட்டம் காத்திருக்கிறது, போயாக வேண்டும். பொதுப் பயணிகள் விமானத்தில், வானிலை சரியில்லை என்று விமானி சொன்னால் நூறு பேர் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். தனி விமானத்தில் அதை அவர் சொல்லவேண்டியது, தனக்குச் சம்பளம் கொடுப்பவரின் முகத்துக்கு நேரே. தனி ஜெட் ஒழிக்க நினைத்தது காத்திருத்தலை. சில வேளைகளில் உயிரைக் காத்தது அந்தக் காத்திருத்தல்தான்.

சின்னமனூர் விபத்துக்கு ஐம்பது ஆண்டுகள் நிறைய ஒரே ஒரு நாள் இருந்தபோது, 2021 டிசம்பர் 8 அன்று, அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து 14 பேர் இறந்தார்கள். எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததும், விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதும், கட்டுப்பாட்டிலிருக்கும்போதே தரையில் மோதியதும் காரணமென்று முப்படை விசாரணை கூறியது. அரை நூற்றாண்டில் எவ்வளவோ மாறியிருந்தும், டிசம்பர் மாத மேகமும் அதற்குள் மறைந்திருக்கும் மலையும் மாறவில்லை.

மதுரை விமான நிலையம் 1942-ல் போர்க்காலத் தேவைக்காகப் பிறந்தது. இன்று அதன் ஓடுபாதை 2,285 மீட்டர் நீளம். பெரும்பாலான தனி ஜெட்டுகளுக்குத் தாராளமாகப் போதும். தேர்தல் காலத்திலும் பெரிய குடும்பங்களின் திருமணங்களின்போதும் அவை இங்கே வந்து இறங்குகின்றன. சுற்றிலும் சமவெளிதான், ஆனால் மேற்கே மேகமலை, வடமேற்கே கொடைக்கானல் மலை, வடக்கே சிறுமலை, அழகர்மலை. இந்த மலைகளின் உயரங்களெல்லாம் எச்சரிக்கைக் கருவிகளின் நினைவில் இன்று பதிந்திருக்கின்றன. மேகமலை முகடும் அவற்றில் ஓர் எண்ணாக இருக்கும். அந்த எண் கட்டாயமாவதற்குப் பின்னால் எத்தனையோ மலைகளும் எத்தனையோ சாவுகளும் இருக்கின்றன. சின்னமனூரில் இறந்த 21 பேரும் அவர்களில் அடங்குவர்.

கருவிக்கு அவர்களுடைய பெயர்கள் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அதற்கில்லை. நாம் அப்படிச் சொல்லிவிட முடியாது. செப்பேட்டுக்காகச் சின்னமனூரைத் தேடிப் போகும் நண்பர்கள், தெற்கே மேகம் மூடிய அந்த மலையையும் சற்று நின்று பார்க்கவேண்டும். பிழைத்த பத்துப் பேரில் எவரேனும், அன்று மலையேறி உதவிய ஊர்க்காரர்களில் எவரேனும் இன்னும் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்கள் சொல்வதை யாராவது கேட்டு எழுதி வைத்தால் நன்று.